முத்தம்மா கையெழுத்துப் போடுவாளா

ஒரு கதையை வாசித்துக் காட்டி, அதை எழுதியவரிடம் 'சரி' என்ற ஒரே ஒரு சொல்லை வாங்கி வருவதற்காக நான் மும்பைக்குப் போனேன். எழுதியவர் என்று சொல்வதுகூடப் பொருந்தாது. தாராவியில் இருக்கும் தங்கபுஷ்பத்துக்குத் தமிழ் எழுதவும் தெரியாது, வாசிக்கவும் தெரியாது. நாலாம் வகுப்பு வரை படித்தது இந்திப் பள்ளிக்கூடத்தில். அவர் வாயால் கதை சொல்லுவார். கேட்கிறவர்களில் யாராவது போனில் பதிந்து சொந்தக்காரர்களுக்கு அனுப்புவார்கள். அப்படி அனுப்பிய ஒன்று கைமாறிக் கைமாறி, பாளையங்கோட்டையில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில் ஒரு மாணவியின் போனுக்கு வந்து சேர்ந்தது. அவள் அதை மேசைக்கு அடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் மாட்டிக்கொண்டாள்.

திட்டிவிட்டு, அப்படி என்னத்தைத்தான் கேட்கிறாய், எனக்கும் போடு என்றேன். ஒரு நிமிஷம் கேட்கலாம் என்று உட்கார்ந்தவள் முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன். அடுத்த வகுப்புக்கு நான்தான் தாமதம்.

கதை இதுதான். முத்தம்மா தாராவியில் ஒரு கோலியில் அப்பாவோடு இருக்கிறாள். கோலி என்றால் அங்கே ஒற்றை அறை வீடு. அண்ணன்மார் இரண்டு பேரும் எப்போதோ ஊரோடு போய்விட்டார்கள். படுத்த படுக்கையான அப்பாவைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டது அவள்தான். அப்பா செத்து நாற்பது நாள் கழிந்ததும் அண்ணன்மார் ஒரு பத்திரத்தோடு வருகிறார்கள். கோலியில் தனக்குப் பாத்தியதை ஏதும் இல்லை என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். முத்தம்மா போடுகிறாள். தரையைக் கழுவிவிட்டு, சாவியைப் பெரிய அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, சயான் ஸ்டேஷனைப் பார்க்க நடக்கிறாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சமயத்தில் நான் மும்பைத் தமிழர் சிறுகதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். பதினொரு கதை தேறியிருந்தது. பன்னிரண்டாவது இதுதான் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதிவிட்டுச் சும்மா இருந்தேனா? இந்திச் சொல்லையெல்லாம் களைந்தேன், பேச்சுநடையைத் திருத்தினேன், கடைசியில் 'தன் உரிமையைத் தாரை வார்த்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு அவள் நடந்தாள்' என்று ஒரு வரியும் சேர்த்தேன். அந்த வரியில் எனக்கு ரொம்பப் பெருமை. தியாகம் என்ற தலைப்பில் மாணவிகள் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவார்கள் என்றுகூடக் கற்பனை செய்துகொண்டேன். புத்தகம் பாடமாக வர இருந்தது.

போனில் அனுமதி கேட்டபோது தங்கபுஷ்பம், "அச்சுல போட்டா மாத்த முடியாதுல்லா டீச்சர்? நேர்ல வந்து வாசிச்சுக் காட்டுங்க. கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றார். திங்கட்கிழமை எல்லாப் பக்கமும் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வியாழக்கிழமை காலை நான் மும்பையில் இறங்கினேன்.

திலக் நகரில் என் கல்லூரித் தோழி பிரேமா வீட்டில் தங்கல். வங்கி வேலை, இரண்டு அறை ஃபிளாட், ஜன்னலுக்கு வெளியே ஈரத்துணி. போனதும் ஒரு தட்டு போஹா கொடுத்தாள். நம் ஊர் அவல் உப்புமாதான். ஆனால் மேலே எலுமிச்சை பிழிந்து, வேர்க்கடலை போட்டு, கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்திருந்தாள். உப்புமாவில் சர்க்கரையா என்று முகம் சுளித்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிரேமாவின் மகள் நிவி கல்லூரியில் படிக்கிறாள். இந்தியில் கவிதை எழுதுகிறாளாம். "ஆன்ட்டி, எனக்குத் தமிழ் கேக்க வரும், பேச வரும். படிக்க மட்டும் தெரியாது" என்றாள், கொஞ்சமும் வெட்கப்படாமல். எனக்கு அதில் வருத்தம்தான். அதைக் காட்டிக்கொள்ளாமல் அச்சுக்குப் போக இருந்த என் திருத்தப் படியை எடுத்து, முத்தம்மா கதையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு தங்கபுஷ்பத்தின் பதிவையும் போட்டுக் கேட்டாள். "தப்பா எடுத்துக்காதீங்க ஆன்ட்டி. இவங்க சொன்னா முத்தம்மா இங்க பக்கத்துல உக்காந்திருக்கா. நீங்க வாசிச்சா ஏர்போர்ட் அனௌன்ஸ்மென்ட் மாதிரி இருக்கு."

சின்னப் பெண், இலக்கியம் படித்தவள் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தாராவிக்குக் கிளம்பினேன். திலக் நகரிலிருந்து குர்லா, அங்கே மாறி சயான் என்று பிரேமா துண்டுச்சீட்டில் எழுதியே கொடுத்திருந்தாள். குர்லாவில் வந்து நின்ற முதல் வண்டியில் பெண்கள் பெட்டியைப் பார்த்து ஏறி உட்கார்ந்தேன். என்ன பண்பான ஊர்! உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து ஒருத்தி மாற்றி ஒருத்தி சிரித்தபடி எங்கே இறங்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். நானும் ஊர்க்காரர்கள் விசாரிக்கிறார்கள் என்று என் பயணத்தின் நோக்கத்தையே எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்க ஆரம்பித்தேன். மூன்றாவதாகக் கேட்டவள் பொறுமை இழந்து, "அம்மா, நீங்கள் எதற்காகப் போனால் எனக்கென்ன? நீங்கள் இறங்கினால் உங்கள் இடம் எனக்கு. அதை மட்டும் சொல்லுங்கள்" என்றாள்.

சயான் என்றேன். பெட்டியே சிரித்தது. அது விரைவு வண்டி, தாதரில்தான் நிற்கும். சயான் ஸ்டேஷன் என் கண்ணுக்கு முன்னால் சர்ரென்று பின்னால் போனது, அடுத்து மாட்டுங்காவும் போனது. தாதரில் நானாக இறங்கவேண்டிய அவசியமே இல்லை, கூட்டமே என்னைத் தூக்கி இறக்கிவிட்டது. எதிர்ப்பக்கம் மெதுவண்டி பிடித்து, வந்த வழியே திரும்பினேன். எங்கள் ஊரில் பஸ் டிரைவரிடம் சொன்னால் வீட்டு வாசலில் நிறுத்துவார்.

ஒரு மணி நேரம் தாமதமாகத் தாராவிக்குள் நுழைந்தேன். சந்துக்குள் சந்து. ஓரிடத்தில் தோல் வாசனை, அடுத்த திருப்பத்தில் இட்லி வேகும் வாசனை. ஒரு இரும்பு ஏணியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினால் மேலே நீளமான அறை, டியூப்லைட், நடுவில் பனியன் சட்டைகள் மலையாய்க் கிடந்தன. சுற்றி ஏழு பெண்கள். தைத்து முடித்த சட்டையில் பிசிறு நூல் தொங்கும் அல்லவா, அதைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுப்பது அவர்கள் வேலை. தாகா கட்டிங் என்கிறார்கள். வெட்டிய சட்டையை அவரவர் பக்கத்தில் அடுக்கிவைக்கிறார்கள். அடுக்கின் உயரம்தான் அன்றைய கூலி.

"வந்துட்டியளா டீச்சர்! வாங்க, வாங்க. ஏட்டி, அந்த பாக்ஸ இழுத்துப் போடு, உக்காரட்டும்" என்று எழுந்து வந்தவர் தங்கபுஷ்பம். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான, உரத்த குரல்காரி. "ஆனா இன்னைக்கு கத கேக்க முடியாது. இந்தச் சட்ட மால் சாயங்காலம் வண்டில ஏறணும், எல்லாவளும் டென்ஷன்ல இருக்காளுவ. நாளைக்கு மதியத்துக்கு மேல வாங்க. நிம்மதியா கேப்போம்."

பாதிக் குவளை டீ வந்தது. அதைக் குடிக்கிற நேரத்தில்தான் அந்த அதிசயத்தைப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த பெண் ஒருத்தி, முந்தின நாள் எங்கோ நடந்த ஒரு கல்யாணச் சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அவள் கத்தரி ஓடவில்லை. ஆனால் மற்ற பெண்கள் தாங்கள் வெட்டிய சட்டையில் ஒன்றை எடுத்து அவள் அடுக்கில் வைத்தார்கள், பேச்சில்லாமல், தலை நிமிராமல். சொல்கிறவளுக்குக் கை நின்றுபோகும், கூலி குறையும் என்பதால் கேட்கிறவர்கள் கொடுக்கும் பங்கு அது. கதை நன்றாக இருந்தால் மட்டும். சப்பென்று இருந்தால் யாரும் வைக்கமாட்டார்களாம், சொல்கிறவள் தானாக நிறுத்திவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். எத்தனையோ பரிசுக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான குழுவை நான் பார்த்ததில்லை.

மெயின் ரோடு வரைக்கும் என்னைக் கொண்டுவிட அந்த ஏழு பேரில் ஒருத்தியான எஸ்தர் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சொந்த ஊர் நாசரேத் பக்கம், ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். ரோடு தெரியும் இடத்தில் நின்றாள்.

"டீச்சர், நாளைக்கு நீங்க வாசிக்கப்போறது முத்தம்மா கததான?"

"ஆமா."

"எங்க அப்பா செத்து மூணு மாசமாச்சு. அதுலேருந்து புஷ்பக்கா அந்தக் கதைய மட்டும் சொல்ல மாட்டேங்கா. யாரு கேட்டாலும் வேற கததான். முந்தி ஒரு தடவ சொன்னப்ப நான் பாதில எந்திச்சுப் போயிட்டேன், அப்பாவுக்கு மருந்து குடுக்கணும்னு. முடிவு கேக்கல. ஞாயித்துக்கெழம எங்க அண்ணனுவ வாராவ. கோலி அப்பா பேர்ல இருக்கு. பெரிய பில்டிங் கட்டப்போறாவன்னு சர்வே எடுக்காவல்லா, அதுக்கு எனக்குப் பங்கு இல்லன்னு காகஜ்ல நான் சைன் போடணுமாம். எனக்குக் கல்யாணமும் ஆவல, வேற எடமும் இல்ல. போடலன்னா அண்ணனுவ மொகத்துல முழிக்க முடியாது. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல டீச்சர். முத்தம்மா என்ன பண்ணுனான்னு கேட்டுட்டா நானும் ஒரு முடிவுக்கு வந்துருவேன்."

என் தோள்பையில் முத்தம்மா நிமிர்ந்த தலையோடு வீட்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். "நாளைக்குப் பாப்போம்மா" என்று மட்டும் சொன்னேன். இருபத்தாறு வருஷமாக 'இலக்கியமும் சமுதாயமும்' என்று பத்து மதிப்பெண் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன். சமுதாயம் இப்படி நடுரோட்டில் நின்று என்னையே கேட்கும் என்று நான் நினைத்ததில்லை.

அங்கிருந்து மாட்டுங்காவுக்கு டாக்சி. வழியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. வாழை இலை, பூசணிக்காய்க் கூட்டு, தொண்டையைச் சுடும் மிளகு ரசம். பரிமாறுகிறவர் என்னிடம் தமிழிலும், பக்கத்து மேசையில் மராட்டியிலும், சமையலறையைப் பார்த்துத் துளுவிலும் சத்தம் போட்டார். மூன்றிலும் ஒரே கோபம்.

அங்கே நான் பார்க்கப் போன வைத்தியநாதன் சார் எண்பது தாண்டியவர், பெரிய கம்பெனி ஒன்றில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். தொகுப்பின் முதல் கதை அவருடையது. பழைய கையெழுத்துப் பத்திரிகை இதழ்களைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவரும் அறை நண்பர்களும் சேர்ந்து நடத்திய பத்திரிகை அது. இதழுக்கு ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றிப் படிப்பார்களாம். அழகான சாய்ந்த கையெழுத்து. நாலு கதை படித்தேன். நாலிலும் ஓர் அறை, ஐந்து பிரம்மச்சாரிகள், ஒரு தபால்காரர்.

"சார், உங்கள் கதைகளில் பெண்களையே காணோமே?"

"இருக்காளே! லெட்டர் போடுவா" என்று சிரித்தார். "அப்போ எங்க ரூமுக்குள்ள பொம்மனாட்டி கால் வெச்சதே இல்லை. அதனால கதைக்குள்ளயும் வரலை. அப்புறம் கல்யாணம் ஆச்சு, குடித்தனம் வெச்சோம். கதையில சமையல்கட்டு வந்தது. உங்க புஸ்தகத்துல இருக்கே என் கதை, அது அந்த நாள்ல எழுதினது."

அந்தக் கதையில் மனைவிக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைக்கிறது. கணவன் உத்தரவுக் காகிதத்தைக் கிழித்துப் போடுகிறான். அவள் கண்ணில் நீர் மல்க அவனுக்குக் காபி கொண்டுவருகிறாள். அத்துடன் கதை முடிகிறது.

"நெஜமாவே கிழிச்சேன்" என்றார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "அவ ஒண்ணுமே சொல்லலை. அதை நான் பெருமைன்னு நெனச்சு கதை வேற எழுதினேன். போன வருஷம் என் பொண்ணு படிச்சுட்டு, 'அப்பா, அம்மா நெஜமாவே காபி கொண்டுவந்தாளா'ன்னு கேட்டா. கொண்டுவரலை. அதை நான்தான் சேத்தேன்."

முடிவை மாற்றித் தருகிறீர்களா என்று கேட்டேன். உண்மையில் எனக்கு அவர் சரியென்றால் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும்.

"வேண்டாம். மாத்தாதேங்கோ. நான் எவ்வளவு பெரிய மடையனா இருந்தேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். அப்போ அத்தனை பேரும் அந்தக் கதையைப் பாராட்டினாளே, அதையும் எழுதிடுங்கோ."

அவரிடம் எஸ்தரைப் பற்றிச் சொன்னேன். தாராவி அவர் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் ஒருதடவைகூட அந்தப் பக்கம் போனதில்லையாம். "நாங்க எழுதினதைப் படிச்சுட்டு யாரும் அதன்படி நடந்ததில்லை. அந்தப் பயம் எங்களுக்கு இருந்ததே இல்லை" என்றார். அவர் குரலில் இருந்தது பொறாமையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அன்றைக்குப் பிரேமா வீட்டில் எனக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. வாசிக்கும்போது முடிவை நானே மாற்றிவிட்டால் என்ன? எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்தானே, தாளில் இருப்பது வேறு என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நினைத்த அடுத்த நொடியே என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. கதை என்னுடையது இல்லை.

சனிக்கிழமை மதியம். மால் குறைவு, அவசரம் இல்லை. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் சோறும் எனக்காக எடுத்து வைத்திருந்தார்கள். நாக்கில் எங்கள் ஊர் வந்து உட்கார்ந்தது. சாப்பிட்டதும் எல்லாரும் கத்தரியை எடுத்துக்கொண்டார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். எஸ்தர் எனக்கு நேர் எதிரே இருந்தாள்.

முதல் பக்கம் முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. என் அருகே காலியாகக் கிடந்த தரையில் ஒரு சட்டைகூட விழவில்லை. மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கமலா என்ற பருத்த பெண் மட்டும் மெதுவாகப் பக்கத்தில் கேட்டாள்: "யாருட்டி இந்த முத்தம்மா? டிவில நியூஸ் வாசிக்கவ மாதிரி பேசுதா?"

கடைசிப் பக்கம். முத்தம்மா கையெழுத்துப் போட்டாள். உரிமையைத் தாரை வார்த்தாள். நிமிர்ந்த தலையோடு நடந்தாள். நான் கண்ணாடியைக் கழற்றினேன். எஸ்தரின் கத்தரி நின்றிருந்தது.

"அச்சுல போட்டாச்சா டீச்சர்?" என்றாள். "அப்ப அவ்வளவுதானா?"

புஷ்பம் எழுந்து நின்று கத்தினார்: "இல்லட்டி! அவ்வளவுதான்னு யாரு சொன்னா? டீச்சர், அது பழைய முடிவுல்லா!"

பிறகு அவர் சொன்னதை நான் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். "மொத மொத இந்தக் கதைய நான் சொல்லும்போது முத்தம்மா போட்டா. நெசந்தான். அன்னைக்கு இந்த ரூம்புல இருந்தவ அத்தன பேரும் போட்டுக் குடுத்தவளுவதான். நானும் போட்டுக் குடுத்தவதான். பெறவு கமலா வந்தா. புருசன் மேல கேஸ் போட்டு கோலிய வாங்குனவ. அவ உக்காந்து கேக்கும்போது முத்தம்மா பேசாம போட்டா நல்லாவா இருக்கும்? பேனாவ ஒளிச்சு வச்சுட்டான்னு சொன்னேன். எல்லாவளும் சிரிச்சாளுவ. அதுக்கும் பெறவு இங்க உள்ள பிள்ளைக பேங்க்ல கணக்குத் தொடங்குச்சுவ, ஃபாரம் வாசிக்கப் படிச்சுச்சுவ. அப்ப முத்தம்மா, 'மொதல்ல அத வாசிச்சுக் காட்டு அண்ணே'ன்னு கேட்டா. நான் ஒண்ணும் மாத்தல டீச்சர். இவளுவ மாற மாற அவளும் மாறிட்டா."

என் மாணவிக்கு வந்தது எப்போதோ பதிந்த பழைய பதிவு. அதைத்தான் நான் முழுக் கதை என்று நம்பி, இஸ்திரி போட்டு, அச்சுக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"அப்படியானால் இப்போது முத்தம்மா என்ன செய்கிறாள்?" என்று நான் கேட்டேன்.

புஷ்பம் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. "அதான் எனக்குத் தெரியல. மூணு மாசமா தெரியல. போட்டான்னு சொன்னா, இங்க ஒருத்தி போட்டுருவா. போடலன்னு சொன்னா, அண்ணன் தம்பி இல்லாம தனியா நிக்கப்போறது அவதான, நானா? உங்கள வரச்சொன்னதே அதுக்குத்தான். அச்சுல இருக்கத நீங்க வாசிச்சுட்டா பழி எனக்கு இல்லன்னு நெனச்சேன். தப்புதான் டீச்சர்."

"நீங்க சொல்லுங்கக்கா" என்றாள் எஸ்தர். "உங்க வாயால கேக்கணும்."

மற்றவர்களும் சொல்லச் சொன்னார்கள். புஷ்பம் தண்ணீர் குடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே கதைதான். ஆனால் அந்த அறைக்குள் இப்போது ஒரு கிழவன் இருமினான். பெட்பேன் கழுவுகிற தண்ணீருக்காக முத்தம்மா விடிகாலை வரிசையில் நின்று ஒருத்தியோடு இந்தியில் மல்லுக்கட்டினாள். நான் களைந்து எறிந்த அத்தனை இந்திச் சொல்லும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது, அவை இல்லாமல் அந்தச் சண்டையே இல்லை. சட்டைகள் ஒவ்வொன்றாகப் புஷ்பத்தின் பக்கத்தில் வந்து ஏறின. நான் மெய்மறந்து இருந்தேன். புத்தகங்களோடே வாழ்ந்துவிட்ட எனக்கு, ஒரு நாட்டின் கதை எந்த இடத்தில் மாறுகிறது என்று யாராவது கேட்டால் இனிமேல் இந்த அறையைத்தான் சொல்லுவேன்.

அண்ணன்மார் வந்தார்கள். பத்திரத்தைத் தரையில் விரித்தார்கள். பேனாவை நீட்டினார்கள். புஷ்பம் நிறுத்தினார்.

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது. எஸ்தரு, நீ சொல்லு. அவளுக்கு எப்படி இருக்கு?"

எஸ்தர் கையிலிருந்த சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பயமா இருக்குக்கா அவளுக்கு."

"இருக்கத்தான் செய்யும்."

"பயந்துட்டு என்னட்டி பண்ணுதா?" என்றாள் கமலா.

"தெரியல."

யாரும் அவளை வற்புறுத்தவில்லை. கத்தரிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அன்றைக்குக் கதை அத்தோடு நின்றது.

ஏணியிலிருந்து இறங்கியதும் பதிப்பாளர் போன் செய்தார். கடைசிக் கதை என்னாயிற்று என்றார். முடிவு இன்னும் வரவில்லை என்றேன். அதனால் என்ன டீச்சர், கையில் இருக்கிற முடிவையே போட்டுவிடுவோம், நன்றாகத்தானே இருக்கிறது என்றார். நடுச்சந்தில் நின்று அவரை நான் போட்ட சத்தத்தில் ஒரு ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ரயில். மதியம் வந்து சாப்பிட்டுவிட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டு போங்கள் என்று புஷ்பம் சொல்லியிருந்தார். அவர் கோலியும் எஸ்தரின் கோலியும் ஒரே சந்தில். கோயில் முடிந்து வந்த பிள்ளைகள் நல்ல உடுப்போடு ஓடிக்கொண்டிருந்தார்கள். எஸ்தர் வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பார்க்காமல் போய்விடலாம் என்று வேகமாகத்தான் நடந்தேன், முடியவில்லை.

கதவு திறந்திருந்தது. தரையில் பாய் விரித்து இரண்டு ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, ஊர் வெயிலில் கறுத்த முகம். மூத்தவருக்கு நரைத்திருந்தது. டிவி பெட்டியின் மேல் ஒரு மஞ்சள் உறை. எஸ்தர் மீன்குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வாங்க டீச்சர்" என்றாள். அண்ணன்மார் நிமிர்ந்தார்கள். அவள் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். "எங்க அண்ணனுவ. ஊர்லேருந்து நம்ம வீட்டுக்கு விருந்தாடி வந்திருக்காவ. ரெண்டு நா இருந்துட்டுப் போவாவ."

சின்னவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். மூத்தவர் தங்கையை அண்ணாந்து பார்த்தார். "விருந்தாடியா?" என்று தணிந்த குரலில் கேட்டார். எஸ்தர் சட்டியோடு அதே இடத்தில் நின்றாள். அவர் தட்டை அவள் பக்கம் தள்ளி, "கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கே அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று நடையைக் கட்டினேன்.

புஷ்பம் தன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியவில்லை. அண்ணன்மாரை விருந்தாளி ஆக்கி, வீடு தன்னுடையது என்று எஸ்தர் சொல்லிவிட்டாள். நாளைக்கு அவர்கள் உறையைத் திறக்கலாம், பெரிய பேச்சு வரலாம், அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உள்ளே போய் உட்கார்ந்தோம். சோற்றைப் போட்டுவிட்டு அவர் சொன்னார்:

"டீச்சர், முத்தம்மா கதைய நீங்க எழுதிக்கிடுங்க. நான் சொல்லுத மாதிரியே எழுதணும், ஒரு சொல்லு கழிக்கக் கூடாது. முடிவுக்கு எஸ்தர்ட்ட நானே கேட்டு வாங்கித் தாரேன், அவ சரின்னா போடுங்க. இன்னொண்ணு. அடியில ஒரு வரி எழுதணும்."

"என்ன எழுதணும்?"

"இது இந்த வருசத்து முடிவுன்னு."

அந்த விருந்தாடிப் பேச்சையே முத்தம்மாவின் முடிவாகப் போட எஸ்தர் சரி என்றாள். புத்தகம் பத்து நாள் தாமதமாக வந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் அந்த வரியை அவர் சொன்னபடியே போட்டிருக்கிறேன்.